பெயரின் இரண்டாம் நபர்

மாலை நான்கு பத்துக்குப் பொத்தான் கடை முதலாளியிடம், இணையப் பெயர் பதிந்து கொடுக்கிற நிறுவனத்துப் பெண் ஒருத்தி தொலைபேசியில் சொன்ன சேதி இவ்வளவுதான்: ஐந்து மணிக்கு மேல் அவருடைய கடைப் பெயர் அவருடையதாக இருக்காது.

"அஞ்சரைன்னு வெச்சுக்கலாமே?" என்றார் அவர்.

"சார், இது கடிகாரம். குறைச்சுக் கேட்டா குறையாது."

சந்தையில் அவருக்குப் பெயர் 'பாதி'. யார் எதற்கு என்ன விலை சொன்னாலும், சொல்லி வாய் மூடுவதற்குள் "பாதி" என்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் நிறையப் பஞ்சோடு, டாக்டர் சொன்ன கட்டணத்துக்கு இரண்டு விரலைக் காட்டி ஒன்றை மடக்கினார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை பொய் என்று அவரே மறுத்திருக்கிறார். டாக்டர் முக்காலுக்குத்தான் இறங்கினாராம்.

அப்படிப்பட்டவர் அன்று காலையிலிருந்து ஒரு பைசா பேரம் பேசவில்லை. கடையின் இணையதளம் காலை பத்து மணிக்கு வெள்ளைத் துணி மாதிரி வெறுமையாகிவிட்டது. இணைப்பில்தான் கோளாறு என்று இணையப் பெட்டியை அணைத்துப் போட்டார்கள், தட்டினார்கள், ஒரு தடவை பாதியே அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். பொத்தான்களைப் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றுகிற கம்ப்யூட்டரம்மா நான்கு மணிக்குத்தான் கண்டுபிடித்தார். கோளாறு இணைப்பில் இல்லை. பெயரில். கெடு முடிந்தும் பணம் கட்டிப் புதுப்பிக்காத பெயரில்.

பெயர் என்றால் சாதாரணப் பெயர் இல்லை. ஊரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இணைய முகவரி வைத்திருந்தபோது, மூன்று வருஷத்துக்கு முன்னால் தமிழ் எழுத்திலேயே 'பொத்தான்கடை' என்று பதிந்து வாங்கியது. சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆனால் பொத்தான் வாங்குகிறவர்கள் யார்? தையல்காரர்கள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, வாயில் குண்டூசியோடு, போனைப் பார்த்துப் "பொத்தான்கடை" என்று சொன்னால் போதும். போன் தமிழில் எழுதிக்கொள்ளும், கடை திறந்துகொள்ளும். ஒரு வருஷத்தில் சிரித்தவர்கள் வாய் மூடிக்கொண்டார்கள். இன்று கடையில் விற்கிற ஒவ்வொரு பொத்தான் அட்டையின் முதுகிலும் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. நானூறு தையல்காரர்களுக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு வழி தெரியாது.

"ஐந்து மணிக்கு மேல யாருக்குப் போகும்?" என்று கேட்டார் பாதி.

"முதல்ல யார் கை நீட்டுறாங்களோ அவங்களுக்கு. இதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க இருக்காங்க சார். பேரைப் பிடிச்சு, அதே மாதிரி ஒரு கடையை வெச்சு, உங்க வாடிக்கைக்காரங்ககிட்டயே முன்பணம் வாங்கிட்டுக் கம்பி நீட்டிருவாங்க."

அடுத்த தெருச் செருப்புக்கடைக்காரர் பெயரை விட்ட கதை பாதிக்குத் தெரியும். இன்றைக்கு அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்டம் ஓடுகிறது. மனுஷன் மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் மானம் கப்பலேறியது.

"பணத்தை இப்பவே கட்டறேன் அம்மா. முழுசா." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக் கம்ப்யூட்டரம்மா திரும்பிப் பார்த்தார்.

"கட்டலாம் சார். ஆனா நீங்கதான் நீங்கன்னு உறுதி செய்யணும். அதுக்கான மெயில் பதிவுல இருக்கற முகவரிக்குத்தான் போகும். உங்க முகவரி அதே பேர்ல இருக்கே? பேரு நின்னுபோச்சு, அதனால மெயிலும் செத்துப்போச்சு. சாவியைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டியிருக்கீங்க."

இது எப்படி நேர்ந்தது என்று பாதிக்கு அந்த நொடியே ஞாபகம் வந்தது. பதிகிற அன்று, மெயில் முகவரியும் தமிழ் எழுத்திலேயே, அதே பெயரிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த நிறுவனத்து ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "தமிழ் எழுத்து முகவரிக்கு நிறைய இடத்துலேர்ந்து மெயில் வந்து சேராது சார், சாதாரண முகவரி இன்னொண்ணும் குடுத்து வெச்சுக்கோங்க" என்றான். பாதி கண்ணடித்தார். முப்பது வருஷ வியாபாரம். ஒன்று வாங்கப் போனால் இன்னொன்றைத் தலையில் கட்டப் பார்ப்பவனை அவருக்குத் தெரியாதா? "அதெல்லாம் வேண்டாம் தம்பி, கேட்டதை மட்டும் குடு" என்று வெட்டிவிட்டார். அதனால், அந்த நிறுவனம் மெயிலில் அனுப்பிய ஞாபகக் கடிதங்களில் ஒன்றுகூட அவரிடம் வந்து சேரவில்லை.

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. பதிவுல இரண்டாம் நபர்னு ஒருத்தரைப் போட்டிருக்கீங்க. அவர் மெயில்ல ஒரு தடவை 'சம்மதம்'னு அழுத்தினா போதும்." அவள் அந்த முகவரியைப் படித்தாள்.

பாதி தெருவைப் பார்த்தார். இரண்டாம் நபர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாப்பிள்ளை. தெருவுக்கு அந்தப்பக்கம், நேர் எதிரே, ஜிப் கடை வைத்திருக்கிறவர்.

"அவருக்கும் நாலு ஞாபகக் கடிதம் போயிருக்கு சார். ஒண்ணுக்கும் பதில் இல்ல."

நான்கு கடிதம்! வாங்கி வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, என் பெயர் சாவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானா?

பாதி செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

*

மாப்பிள்ளையும் அவரும் ஒரு காலத்தில் ஒரே கல்லாவில் உட்கார்ந்தவர்கள். பிரிந்தபோது வாய்ப்பேச்சில் ஓர் ஏற்பாடு: பொத்தான் இந்தப்பக்கம், ஜிப் அந்தப்பக்கம், யாரும் அடுத்தவர் சரக்கில் கை வைக்கக் கூடாது. ஆறு மாதம் ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. பிறகு பாதி தன் தளத்தில் சத்தமில்லாமல் ஜிப்பையும் ஏற்றினார். கேட்டதற்கு, "சட்டைக்குப் பொத்தான் கேட்கிறவன் பேன்ட்டுக்கு ஜிப் கேட்டா, எதிர்க்கடைக்குப் போய்யான்னு இணையத்துல எப்படிச் சொல்றது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது, அவருக்கு. அன்றோடு தெருவின் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. செங்கல் இல்லாத சுவர்தான், ஆனால் தங்கைகூட அதைத் தாண்டி வருவதில்லை.

அன்று தாண்டியவர் பாதி. துணிப் பொதி ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே நிற்க, அதன் பின்பக்கமாகச் சுற்றி, ஜிப் கடைப் படியேறினார். கூரையிலிருந்து ஜிப் சுருள்கள் வண்ண வண்ணமாகத் தொங்கின. தங்கை பித்தளை அளவுகோலால் ஒரு நீளத்தை அளந்துகொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அளவு எண்ணிக்கை அவள் வாயிலேயே நின்றது.

அந்தக் குடும்பத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"வணக்கங்க மாப்பிள்ளை," என்றார் பாதி. "நல்லா இருக்கீங்களா? நாலு கடிதம் வந்துச்சாமே, படிச்சீங்களா? படிச்சுட்டுச் சிரிச்சீங்களா?"

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. "என்ன கடிதம்? யாருக்கு?"

"என் பேரு அஞ்சு மணிக்குச் சாகுது. உங்களுக்கு முன்னாடியே தெரியும். பக்கத்துல இருந்தே பால் ஊத்த உட்கார்ந்திருக்கீங்க."

"அண்ணா, முதல்ல உட்காரு. என்னன்னு புரியற மாதிரி சொல்லு," என்றாள் தங்கை.

உட்காராமலே சொன்னார். மாப்பிள்ளை போனை எடுத்தார். குப்பைப் பகுதியைத் திறந்தார். கீழே, கீழே, இன்னும் கீழே தள்ளினார். பிறகு போனை மேஜைமேல் வைத்து பாதியின் பக்கம் திருப்பினார்.

"இதுவா?"

பாதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான்கு கடிதங்கள். 'உங்கள் பெயர் காலாவதியாகிறது' என்று தலைப்பு. அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ், என், இரண்டு கோடு, அதன் பின்னால் இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் பூனை விசைப்பலகையில் ஓடியது போலத் தாறுமாறாக. 'பொத்தான்கடை' என்று எங்குமே இல்லை.

"இதைப் பார்த்தா உங்க பேர் மாதிரியா தெரியுது?" என்றார் மாப்பிள்ளை. "கண்ணுக்கு நல்லாத் தெரியுது, திருட்டு மெயில். சீக்கிரம், இங்கே அழுத்துங்க, இல்லேன்னா போயிடும்னு. பை தைக்கிறவர் போன மாசம் இப்படி ஒண்ணைத்தான் அழுத்தினாரு. மறுநாள் அவர் கணக்குல அவர் பேர் மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. நான் நாலையும் குப்பையில போட்டுட்டு, அனுப்பினவனையே அடைச்சுட்டேன்."

"அடைச்சுட்டீங்களா?"

"அவன்கிட்டேயிருந்து இனிமே ஒண்ணும் வராது."

சுவர்க் கடிகாரம் நான்கு இருபத்தைந்து காட்டியது. பாதி தன் போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவர்கள் வரிசையில் நிறுத்தி வைத்து ஒரு பாட்டுப் போட்டார்கள். எந்தக் காலத்திலும் முடியாத பாட்டு. மாப்பிள்ளை, முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு, அடைப்பை எடுத்துவிட்டார். நான்கு முப்பத்தொன்பதுக்கு அந்தப் பெண் கிடைத்தாள். மறுபடி அனுப்பினாள். நான்கு நாற்பத்திமூன்றுக்கு மாப்பிள்ளையின் போன் சிணுங்கியது.

அதே எக்ஸ், அதே என், அதே பூனை. கீழே ஒரு நீலக் கட்டம்: சம்மதம்.

"அழுத்துங்க," என்றார் பாதி.

மாப்பிள்ளையின் கட்டைவிரல் நகரவில்லை. "இது உங்க பேர்தான்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"ஜிப்பு போட மாட்டேன்னும் நீங்கதான் சொன்னீங்க."

போனில் இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். "சார், இணையத்தோட அடிவயித்துல இருக்கிற மிஷினுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். எந்த மொழியில பேர் வெச்சாலும், உள்ளே போறப்போ அதை இப்படி ஒரு கோலமா மாத்தித்தான் வெச்சுக்கும். சந்தேகமா இருந்தா எங்க தளத்துல மாத்திக் காட்டற இடம் இருக்கு. உங்க பேரைத் தமிழ்ல அடிச்சுப் பாருங்க. மெயில்ல இருக்கறதும் அதுவும் ஒண்ணா இருந்தா, அது உங்க பேருதான். வேற யார் பேருக்கும் அந்தக் கோலம் வராது."

பாதி தன் போனில் அடித்தார். விரல் இரண்டு தடவை வழுக்கியது. 'பொத்தான்கடை' என்று எழுதி அழுத்தியதும், அவர் கண்முன்னாலேயே அது உருமாறியது. எக்ஸ், என், இரண்டு கோடு, மற்றதெல்லாம். முப்பது வருஷம் கட்டிய கடை, பூனைக்கால் எழுத்தில்.

"கூப்பிட்டே பார்த்துருங்க," என்றாள் தங்கை.

அது அந்த வீட்டு வழக்கம். சரக்கு வந்து இறங்கினால் ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவார், மற்றவர் பெட்டியைப் பார்த்து "சரி" என்பார். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முதலிலிருந்து. எவ்வளவு அவசரமானாலும் முதலிலிருந்து. அந்த வழக்கத்தில்தான் இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷம் ஒரே கடையில் ஒரு பொத்தான்கூடத் தொலைக்காமல் இருந்தார்கள்.

"எக்ஸ்," என்றார் பாதி.

"சரி."

"என்."

"சரி."

"கோடு. இன்னொரு கோடு."

"சரி. சரி."

ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தார்கள். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத வாய்கள், அர்த்தமே இல்லாத எழுத்துகளை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. பாதியின் கண் இடையிடையே கடிகாரத்துக்கு ஓடியது. நாற்பத்தெட்டு. குரல் வேகமெடுத்தது.

"நில்லுங்க மச்சான். ரெண்டைத் தாண்டிட்டீங்க."

"தாண்டலே!"

"தாண்டிட்டீங்க. நடுவுல ஒரு ஏழு இருக்கு, அதுக்கப்புறம் ஒரு பி."

"அட, அதான் இருக்குல்ல, மேல போங்க!"

"முதல்லேர்ந்து," என்றாள் தங்கை, அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாதிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. கடித்துக்கொண்டே "எக்ஸ்" என்றார். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல நிதானமாகக் கொடுத்தார். நெற்றி வேர்வை கண்ணாடிக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. கடைசி எழுத்துக்கு மாப்பிள்ளை "சரி" என்றபோது கடிகாரம் நான்கு ஐம்பத்திரண்டு.

"உங்க பேருதான்," என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் குரல் இறங்கி, "தெரிஞ்சிருந்தா குப்பையில போட்டிருக்க மாட்டேன்."

"அழுத்து."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள். மாப்பிள்ளை கட்டைவிரலை நீலக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். அவரும் அதே சந்தையில் வளர்ந்தவர்.

"ரெண்டு விஷயம்," என்றார். "உங்க தளத்துல இருக்கற ஜிப்பு எல்லாத்தையும் எடுத்துரணும். உலோகம், பிளாஸ்டிக், நீளம், குட்டை, எல்லாம். இன்னிக்கே. ரெண்டாவது, உங்க பொத்தான் அட்டை முதுகுல என் கடைப் பேரும் வரணும்."

ஜிப் என்பது பாதியின் வியாபாரத்தில் கால்வாசி. அட்டையின் முதுகு என்பது அவர் யாருக்கும் வாடகைக்குக்கூட விடாத இடம். தொண்டையில் அந்தச் சொல் தானாக ஏறி வந்தது. முப்பது வருஷமாக ஏறிப் பழகிய சொல்.

"பா..."

நான்கு ஐம்பத்திமூன்று. போனில் இருந்த பெண் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தங்கை அளவுகோலைக் கீழே வைக்கவில்லை, அளக்கவும் இல்லை. எங்கேயோ ஓர் அறையில், முகம் தெரியாத ஒருவன், விரலை நீட்டிக்கொண்டு ஐந்து மணிக்குக் காத்திருந்தான். நானூறு தையல்காரர்கள் வாயில் குண்டூசியோடு அவன் கடைக்குள் போவார்கள். வரிசையாகப் போவார்கள். வெளியே துணி வண்டிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

பாதி அந்தச் சொல்லின் மிச்சத்தை விழுங்கினார்.

"சரி," என்றார்.

மாப்பிள்ளை காத்திருந்தார். "சரின்னா?"

"நீ சொன்னது. ரெண்டும்."

"ரெண்டும் முழுசாவா?"

"எத்தனை தடவைய்யா சொல்லணும்? அழுத்து!"

விரல் இறங்கியது. திரையில் ஒரு சின்ன வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் திறந்து, 'உறுதியாகச் சம்மதமா?' என்று கேட்டது. "இதுவும் பேரமா பேசுது?" என்று முனகிக்கொண்டு மாப்பிள்ளை இன்னொரு முறை அழுத்தினார். பாதி வாசலுக்கு ஓடி, தெருவைத் தாண்டிக் கத்தினார்: "கம்ப்யூட்டரம்மா! பணம் கட்டு! இப்போ கட்டு!"

எதிர்க்கடையிலிருந்து ஒரு கை எழுந்தது, பொறுங்கள் என்பது போல. நான்கு ஐம்பத்தாறு. கை அப்படியே நின்றது. நான்கு ஐம்பத்தேழு. துணி வண்டி நகர்ந்து பார்வையை மறைத்தது. பாதி அதன் பின்பக்கத்தைக் கையால் தள்ளினார், தள்ளினால் சீக்கிரம் போகும் என்பது போல. வண்டி போனபோது கம்ப்யூட்டரம்மா வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் காட்டினார்.

போனில் அந்தப் பெண் சொன்னாள்: "வந்திருச்சு சார். பேரு உங்களுது. தளம் திரும்ப வர ஒரு மணி நேரம் ஆகும்."

பாதி ஜிப் சுருள்களுக்கு நடுவே இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"மச்சான், ஒண்ணு சொன்னா அடிக்க வராதீங்க."

"என்ன?"

"நீங்க வழக்கம்போலப் பாதின்னு சொல்லுவீங்கன்னுதான் ரெண்டு மடங்காச் சொன்னேன். உலோக ஜிப்பை மட்டும் விட்டா எனக்குப் போதும். அட்டை விஷயம் சும்மா, நீங்க அடிச்சுப் போடறதுக்காகச் சேர்த்தது."

பாதி அவரையே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கு வாங்கியிருக்கிறார். அதுவும் ஏற்றிச் சொன்ன விலைக்கு.

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "சந்தைக்குத் தெரிஞ்சா உன் பேரையே மாத்திருவாங்க அண்ணா."

"சிரி, சிரி," என்றார் பாதி. கொஞ்ச நேரம் காலித் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "வாயால சொன்னது சொன்னதுதான். ஜிப்பு எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துடறேன். போன தடவையும் வாயாலதான் சொன்னேன். காப்பாத்தலே. அது என் தப்பு." நிமிர்ந்தார். "அட்டையில உன் பேரும் வரும். ஆனா ஒண்ணு. எழுத்து என் பேரு அளவுல பாதிதான் இருக்கும்."

"முக்கால்," என்றார் மாப்பிள்ளை.

"சார், லைன்லதான் இருக்கேன்," என்றது போன். "மறுபடி இப்படி ஆகாம இருக்க, இன்னொரு சாதாரண மெயில் முகவரியும் சேர்த்துக்கணும்."

பாதியின் புருவம் பழக்கதோஷத்தில் நெளிந்தது. "அதுக்குத் தனியா எவ்வளவு?"

"இலவசம் சார்."

"மூணு வருஷம் முன்னாடி?"

"எப்பவுமே இலவசம்தான் சார்."

கண்ணடித்து வேண்டாம் என்று சொன்ன அந்த மத்தியானம் முழுவதும் பாதியின் முகத்தில் ஒரு முறை ஓடி மறைந்தது. தங்கை தன் முகவரியை எழுதி நீட்டினாள். இதையே சேர்த்துக்கொள் என்றாள்.

"இரண்டாம் நபர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "அவரையே வெச்சுக்கலாமா, மாத்தணுமா?"

பாதி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கூரையில் தொங்கிய ஒரு பச்சை ஜிப்பைப் பார்த்தார். "அவரேதான்."

"அப்போ ரெண்டு முகவரியையும் ஒரு தடவை எழுத்து எழுத்தாச் சொல்லிருங்க சார், சரிபார்த்துக்கறேன்."

பாதி சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்க் கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே மாப்பிள்ளை "சரி" என்றார். நான்காவது எழுத்தில் பாதி ஒன்றைத் தாண்டினார்.

"முதல்லேர்ந்து," என்றாள் தங்கை.